விமானச் சீட்டுக்கு முன் ஓரியன்டேஷன் தேதியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் படிப்பைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றன. விசா கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டிலும் நினைக்கிறார்கள், அனுப்பிவைக்கும் கல்லூரியிலும் நினைக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்கோ இரண்டு செமஸ்டருக்கோ பரிமாற்ற மாணவராகப் போகிறவர்களுக்கு அங்கே நடக்கும் முதல் காரியம் ஓரியன்டேஷன், அதாவது வகுப்பு தொடங்கும் முன் புதிய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்தும் அறிமுக அமர்வுகள். அதை வரவேற்பு விழா, பலூன், இலவச பீட்சா என்று எண்ணி, 'வகுப்பு 24-ஆம் தேதிதானே, 23-ஆம் தேதி போய்ச் சேர்ந்தால் போதும்' என்று மலிவான விமானச் சீட்டைப் பிடிக்கிறார்கள். செமஸ்டர் முழுவதும் துரத்தும் தொல்லைகளில் பாதி அந்த ஒரு முடிவிலிருந்தே வருகிறது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

பரிமாற்ற மாணவர்களில் பெரும்பாலோர் போவது ஜே-1 விசாவில். அதற்கு அடிப்படை, அங்குள்ள பல்கலைக்கழகம் தரும் டிஎஸ்-2019 படிவம். அதில் ஒரு தொடக்கத் தேதியும் ஒரு முடிவுத் தேதியும் இருக்கும். தொடக்கத் தேதிக்கு அதிகபட்சம் 30 நாள் முன்னதாக நாட்டுக்குள் நுழையலாம். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள், மாணவர் வந்து சேர்ந்துவிட்டார், இன்ன முகவரியில் இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் அமெரிக்க மத்திய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்காக வைத்திருக்கும் செவிஸ் என்ற கணினிப் பதிவில் உறுதி செய்தாக வேண்டும். ஓரியன்டேஷனின் முதல் மேசையில் பாஸ்போர்ட்டையும் டிஎஸ்-2019-ஐயும் வாங்கிப் பார்ப்பது இதற்காகத்தான். வரிசையில் நிற்க அலுத்துக்கொண்டு 'அப்புறம் வருகிறேன்' என்று போய்விட்டவரின் பதிவு உறுதி செய்யப்படாமலே கிடந்து, கடைசியில் செல்லாததாகிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடைக்காது, ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. அந்த அலுவலகங்கள் எல்லாம் அதே கணினிப் பதிவைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன.

முகவரி விஷயத்தில் இன்னொரு விதியும் உண்டு. பதிவில் இருக்க வேண்டியது மாணவர் உண்மையாகத் தங்கியிருக்கும் இடம். அஞ்சல் பெட்டி எண்ணையோ துறை அலுவலகத்தையோ கொடுக்கக் கூடாது. வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நண்பர் அறையில் தங்கிவிட்டுப் பிறகு வேறு வீடு பார்க்கும் நம் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, ஒற்றைப் பெயரோடு போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அமெரிக்க முறையில் ஒற்றைப் பெயர் என்றால் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதன் பிறகு அடையாள அட்டை, வங்கி, மருத்துவமனை எல்லா இடத்திலும் அந்த மூன்றெழுத்தே மாணவரின் பெயராகிவிடும். வகுப்பில் ஆசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஓரியன்டேஷன் பதிவின்போது 'விருப்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் அழைக்கப்பட வேண்டிய பெயரை எழுதச் சொல்லுங்கள். சட்ட ஆவணங்களில் மட்டும் எல்லா இடத்திலும் விசாவில் உள்ளபடியே எழுத வேண்டும். ஓரிடத்தில் அப்பா பெயரைச் சேர்த்தும் ஓரிடத்தில் விட்டும் எழுதினால் ஒரு பதிவு இன்னொன்றோடு பொருந்தாது. இன்னும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காதவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவதே நல்லது.

விமான நிலையத்தில் நுழைவு பதிவானதும் ஐ-94 என்ற மின்பதிவு உருவாகும். காகிதம் எதுவும் கையில் தர மாட்டார்கள். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் மாணவரே அதை இறக்கி, பெயரும் பிறந்த தேதியும் விசா வகையும் சரியா என்று பார்க்க வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் தேடும்போது முதற்பெயர் இடத்தில் அந்த எஃப்என்யூவைப் போட்டால்தான் பதிவு அகப்படும். ஜே-1-க்குப் பதிலாகச் சுற்றுலா விசா என்று தவறாகப் பதிவாவதும் உண்டு. ஓரியன்டேஷனுக்கு முன்பே பார்த்து வைத்தால் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் ஆலோசகர் எந்த அலுவலகத்துக்குப் போய்த் திருத்தலாம் என்று வழி சொல்வார். டிஎஸ்-2019-ஐப் பெட்டிக்குள் போட்டு விமானத்தின் வயிற்றுக்கு அனுப்பிவிட்டால் இன்னொரு சிக்கல். குடிவரவு அதிகாரியிடம் அதைக் காட்ட முடியாதவருக்கு ஐ-515ஏ என்ற தாளோடு 30 நாள் தற்காலிக அனுமதிதான் கிடைக்கும். அசல் ஆவணங்கள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து தடுப்பூசி. கோர்ஸ் பதிவு செய்ய உட்காரும்போது திரையில் 'ஹோல்ட்' என்று, அதாவது பதிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று, வருவதற்கு அதிகம் காரணமாவது இதுதான். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது எம்எம்ஆர், அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி இரண்டு தவணை. முதல் தவணை ஒரு வயது நிறைந்த பிறகு போட்டதாகவும், இரண்டுக்கும் இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி உள்ளதாகவும் இருக்க வேண்டும். நம் அரசுத் திட்டத்தில் முதல் ஊசியை ஒன்பதாம் மாதத்தில் போட்டுவிடுவார்கள். அது அங்கே கணக்கில் சேராது. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் மட்டுமானது. அதில் பொன்னுக்கு வீங்கி கிடையாது. அட்டையில் இரண்டு ஊசி இருக்கிறதே என்று நம்பிப் போனவர், அங்கே போய் முதலிலிருந்து போட்டுக்கொள்ள நேரும். இங்கேயே இரண்டு தவணையும் போட்டு, தேதியோடும் மருத்துவர் கையெழுத்து, முத்திரையோடும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்வது செலவு குறைவான வழி. 28 நாள் இடைவெளி என்பதால் விமானத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கியாக வேண்டும்.

பல்கலைக்கழகம் கேட்கக்கூடிய காசநோய்ப் பரிசோதனைக்கும் இந்த எம்எம்ஆர் ஊசிக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம்மில் பெரும்பாலோர் குழந்தையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள். தோலில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் வீக்கத்தை அளக்கும் சோதனை, நோய் இல்லாதவருக்கும் இருப்பதுபோல் காட்டலாம். இக்ரா எனப்படும் இரத்தப் பரிசோதனையைப் பிசிஜி பாதிக்காது. எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் இதையே செய்துகொள்ளுங்கள். எம்எம்ஆர் ஊசி போட்ட சில நாளில் காசநோய்ச் சோதனை செய்தால் முடிவு தவறலாம். ஒரே நாளில் இரண்டையும் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் குறைந்தது நான்கு வாரம் தள்ளிச் செய்ய வேண்டும்.

காப்பீடு பற்றிய அமர்வில்தான் பலரும் தூங்கிவிடுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. கோடையில் நியூயார்க்கில் பிற்பகல் 2 மணி என்றால் சென்னையில் இரவு 11.30. லாஸ் ஏஞ்சலஸில் அதே 2 மணி நம் கணக்கில் மறுநாள் விடியற்காலை 2.30. நேற்று இறங்கியவரின் உடம்பு இன்னும் ஊர் நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஓரியன்டேஷனுக்கு நான்கைந்து நாள் முன்னதாகப் போய்விட வேண்டும். விடுதி அதற்கு முன் திறக்குமா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்குள்ள அலுவலகங்களும் சட்டத்தையும் காப்பீட்டையும் காலை அமர்வில் வைத்து, வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதைப் பிற்பகலுக்குத் தள்ளலாம். நடந்துகொண்டே தூங்க முடியாதல்லவா!

ஜே-1 மாணவரின் காப்பீட்டுக்கு அமெரிக்க விதி குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்தால் நாடு திருப்பி அனுப்ப 50,000 டாலர், இறந்தால் உடலைக் கொண்டுவர 25,000 டாலர். ஒவ்வொரு நோய்க்கும் மாணவர் முதலில் கையிலிருந்து கட்டும் தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது. இங்கே வாங்கும் மலிவான பயணக் காப்பீடுகள் சில இதில் ஏதாவதொன்றில் குறைபடும். ஏற்கெனவே உள்ள நோய்களை விட்டுவிடுவதும் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தக் காப்பீட்டைக் கட்டணப் பட்டியலில் தாமாகவே சேர்த்துவிடும். வேறு காப்பீடு வைத்திருப்பவர் குறித்த தேதிக்குள் விலக்குக் கேட்க வேண்டும். அந்தத் தேதி ஓரியன்டேஷனை ஒட்டியே வருவது வழக்கம். தவறவிட்டவர் இரண்டு காப்பீட்டுக்கும் பணம் கட்டுவார். எங்கே வைத்தியம் பார்ப்பது என்பதும் அந்த அமர்வில்தான் வரும். சளி, காய்ச்சல் என்றால் வளாக மருத்துவ மையம். அது மூடியிருந்தால் 'அர்ஜென்ட் கேர்' எனப்படும், உயிராபத்து இல்லாத உடனடி சிகிச்சைக்கான வெளி மருத்துவ மையம். உயிர் போகிற ஆபத்துக்கு மட்டும் அவசர சிகிச்சைப் பிரிவு. சாதாரண வயிற்றுவலிக்கு நேரே அங்கே போனவருக்கு வரும் பில் ஒரு செமஸ்டர் சாப்பாட்டுச் செலவைத் தின்றுவிடும்.

கோர்ஸ் பதிவுக்கு வருகிறேன். இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட், அதாவது பாடங்களின் அளவைக் குறிக்கும் புள்ளி, எடுத்திருக்க வேண்டும். ஆலோசகரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு பாடத்தை விட்டு 12-க்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். பேராசிரியர் 'தாராளமாக விட்டுவிடு' என்று சொல்வார். அவர் சொல்வது படிப்பைப் பற்றி. குடிவரவு விதி அவர் வேலை அல்ல. ஒரு பாடத்தை எடுக்க அதற்கு முந்தைய பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்ற முன்படிப்பு நிபந்தனை இன்னொரு தடை. ஊரில் முடித்த பாடம் கணினிப் பதிவில் இல்லாததால் அது கதவைத் திறக்காது. அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் கையில் வைத்திருந்தால் துறையில் காட்டிச் சிறப்பு அனுமதி வாங்கலாம். அங்கே எடுக்கப்போகும் பாடங்களைக் குறிக்கும் கற்றல் ஒப்பந்தத்தில் நான்கு பாடம் எழுதியிருந்தால் மாற்றாக இன்னும் மூன்றையாவது நம் கல்லூரியிடம் முன்பே ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும். வகுப்பு நிரம்பிவிட்டது என்று அங்கே தெரியவரும்போது நம் துறைத் தலைவரை நள்ளிரவில் எழுப்ப முடியாது. வாரம் ஒன்று தாமதமாகப் போகிறவருக்குப் பாடம் சேர்க்கும், விடும் காலமே முடிந்திருக்கலாம்.

கல்வி நேர்மை பற்றி ஓரியன்டேஷனில் சொல்வதைப் பலரும் 'காப்பி அடிக்கக் கூடாது, அவ்வளவுதானே' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் தேர்வுமுறையில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியவருக்கு முழு மதிப்பெண். அங்கே அதே செயல், மேற்கோள் குறியும் ஆதாரமும் இல்லையென்றால், திருட்டு. வீட்டுப்பாடத்தை நண்பரோடு சேர்ந்து யோசிக்கலாமா, செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா என்பது ஒவ்வொரு பாடத்திற்கும் மாறும். முதல் நாள் தரும் சிலபஸில் எழுதியிருக்கும். நாம் சிலபஸ் என்று சொல்வது பாடத் தலைப்புகளின் பட்டியலை. அவர்கள் தருவது ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம். எந்தத் தேர்வுக்கு எத்தனை சதவீதம், தாமதத்துக்கு எவ்வளவு குறைப்பு, எத்தனை நாள் வராமல் இருக்கலாம் எல்லாம் அதில் உண்டு. 'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்பதை ஆசிரியர் தம் அலுவலக வேலை பார்க்கும் நேரம் என்று நினைத்து ஒதுங்குகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி அனுப்புங்கள்: அது மாணவர் கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்பதற்கென்றே ஒதுக்கிய நேரம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி மாணவரின் மதிப்பெண் விவரம் மாணவருடையது. கட்டணம் கட்டிய அப்பா மின்னஞ்சல் அனுப்பினாலும் மாணவர் எழுத்தில் சம்மதம் தராமல் அலுவலகம் பதில் சொல்லாது. மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

சட்டம் தெரியாமல் சிக்கும் இடங்கள் சில உண்டு. மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். கஞ்சாவைக் கடையில் விற்கும் மாநிலங்களிலும் மத்திய சட்டப்படி அது தடைசெய்யப்பட்டதே. வெளிநாட்டவருக்கு விசாவைப் பறிக்க அது போதும். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் 'வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா' என்று கேட்பார்கள். நல்ல குடிமகன்போல் 'ஆம்' என்று குறித்துவிடாதீர்கள். குடியுரிமை உண்டென்று பொய் சொன்னதாகக் கொண்டு நிரந்தரமாகவே நுழைவை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. வருமான வரித் துறை, குடிவரவுத் துறை என்று தொலைபேசியில் மிரட்டிப் பரிசு அட்டையில் பணம் கேட்பவர் எவரும் மோசடிக்காரரே.

வளாகத்துக்குள் வேலை பார்க்க ஜே-1 மாணவர் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி பெறலாம். அந்த அனுமதி எழுத்தில், வேலை தொடங்கும் முன்பே வந்திருக்க வேண்டும். உணவுக்கூடத்தில் ஆள் வேண்டும் என்றதும் அன்றே ஏப்ரன் கட்டிக்கொள்வது விதிமீறல். சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு, வந்து இறங்கிப் பத்து நாள் கழித்து, செவிஸ் பதிவு உறுதியான பிறகு போனால் அலைச்சல் மிச்சம்.

சாமான் கட்டுவது பற்றி நீட்ட விரும்பவில்லை. ஆனால் விடுதிக் கட்டில் 'ட்வின் எக்ஸ்எல்' அளவு, 80 அங்குல நீளம். இங்கிருந்து கொண்டுபோகும் விரிப்பு பொருந்தாது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் ரைஸ் குக்கரில் கால் பங்கு சூடுதான் வரும், அரிசி வேகாது. பல விடுதி அறைகளில் சூட்டுச் சுருள் உள்ள எதையும் வைக்கவே விடமாட்டார்கள். பொதுச் சமையலறையில் கடுகு தாளித்த புகைக்குத் தீ மணி அடித்து மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்பது நடக்கிற ஒன்று. காற்றுப்போக்கியைப் போட்ட பிறகே எண்ணெய் வைக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சை மர நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் தடை. மருந்து மூன்று மாத அளவுக்குள், அசல் டப்பாவில், ஆங்கிலச் சீட்டோடு.

பரிமாற்ற மாணவருக்கென்று இன்னும் ஒன்று, பெரும்பாலும் யாரும் சொல்லாமல் விடுவது. ஆகஸ்டில் போய் டிசம்பரில் திரும்பியவருக்கும் அமெரிக்க வருமான வரிக் கடமை உண்டு. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும், அங்கே தங்கிய நாட்களை வரித் துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 8843-ஐ நிரப்பி, கையெழுத்திட்டு, அடுத்த ஆண்டு ஜூன் 15-க்குள் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்கியவருக்குக் கெடு ஏப்ரல் 15, அதோடு வெளிநாட்டவருக்கான வருமான வரிக் கணக்குப் படிவம் 1040-என்ஆரும் சேரும். இந்திய மாணவருக்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி, அங்குள்ளவர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை, கிடைக்கிறது; இதை அறியாமல் கூடுதல் வரி கட்டிவிடுகிறவர்கள் உண்டு. சம்பளச் சான்றான டபிள்யூ-2 ஜனவரி இறுதியில்தான் வரும். அப்போது மாணவர் திருச்சியிலோ மதுரையிலோ இருப்பார், சான்று காலியான விடுதி அறைக்குப் போகும். மின்வடிவில் பெற ஒப்புக்கொண்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஆகவே நம் கல்லூரிகளின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகங்களிடம் கேட்பது இது. விசா வந்த வாரத்தில் மாணவரையும் வீட்டில் ஒருவரையும் அழைத்து அரை நாள் உட்கார வையுங்கள். டிஎஸ்-2019-இன் தேதி, ஓரியன்டேஷன் தேதி, விடுதி திறக்கும் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்த பிறகே விமானச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். நம் செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்குகிறது, அவர்களுடையது ஆகஸ்ட் பிற்பாதியில். இங்கே விட்டுப்போகும் உள்மதிப்பீடுகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். திரும்பும்போது கவனிக்க வேண்டியது மதிப்பெண் பட்டியல். நூலக அபராதமோ மருத்துவ மையத்தின் சிறு பாக்கியோ நின்றால் சில இடங்களில் பட்டியலை நிறுத்திவைப்பார்கள். கிளம்பும் வாரத்தில் கட்டணக் கணக்கைத் திறந்து பாக்கி பூஜ்யம் என்று பார்த்து, பட்டியலை நேரே நம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்ப அங்கிருந்தே விண்ணப்பித்துவிட்டு விமானம் ஏற வேண்டும்.

இங்ஙனம்,
பன்னாட்டு மாணவர் ஆலோசகர் ஒருவர்